மூரா

போத்தி துறைமுகத்தில் மழை.
அது செய்தியல்ல.
எங்கள் மூன்றாம் மாடியில் நாற்பத்தொரு திரைகள்,
எல்லாவற்றிலும் ஒரே நீலம், ஒரே வட்டம்.
"தயவுசெய்து காத்திருக்கவும்."

ஏழு நிமிடம்.
நதேலா காபிக்குத் தண்ணீர் வைப்பாள்,
அது பொங்கி அடங்கி மறுபடி பொங்கும்,
எதிர்வீட்டு வழக்கை வாய்தா வாய்தாவாகச் சொல்லி முடிப்பாள்,
நனைந்த குடைகளை நடைவழியில் விரித்துவிட்டு வருவாள்,
வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரக்குக் காப்பீட்டின் தலைவர் எல்குஜா
கணக்கில் புலி.
நாற்பத்தொரு பேர், ஏழு நிமிடம், இருநூற்றைம்பது நாள்,
"நூற்றைம்பது நாள் சம்பளத்தைக் கருங்கடலில் கொட்டுகிறோம்" என்றார்.
சொன்னபோது மணி பத்தரை.
அவர் வருவதே அப்போதுதான்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
சுவருக்குள் மழை இறங்கியிருக்கும்.
வைரஸ் தடுப்பான்தான் வைரஸ்.
மலிவு விலைக் கேபிள் வேறென்ன செய்யும்.
நான் மேசைகளுக்கு அடியில் முட்டி தேயத் தவழ்ந்தேன்.
சூரியகாந்தி விதைத் தோல், பத்துத் தெத்ரிக் காசு,
மெகி போன வருடம் அழுது தேடிய ஒற்றைக் கம்மல்.
கேபிள் நன்றாகவே இருந்தது.

பெயரைச் சொன்னால் முகவரி தரும் சேவையகத்தைக் கேட்டேன்,
கண் இமைக்குமுன் பதில் தந்தது.
நதேலாவின் முகப்பில்
தங்கை கல்யாணம் பதினொரு ஜிபி.
சண்டை போட்டு வேறிடம் மாற்றினேன்.
அவளுக்கு மட்டும் அரை நிமிடம் மிச்சம்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வியாழன் இரவு, எல்லோரும் போனபின்,
பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்பது இரண்டு பதினொன்று: பயனர் அடையாளம் சரி.
பன்னிரண்டு: விதிகள் வந்தன.
பதின்மூன்று: உள்நுழைவு நிரல் தொடங்கியது.
அடுத்த வரி நாற்பத்து மூன்று.
நடுவில் முப்பது விநாடி, ஒரு எழுத்து இல்லை.
அதன்பின் இன்னொரு முப்பது.
அதன்பின் இன்னொன்று.

அந்த நிரல் ஜும்பெர் எழுதியது.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன்,
இப்போது போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
பத்தொன்பதாம் வரியிலிருந்து பதின்மூன்று கோப்புறைகள்,
எல்லாம் ஒரே சேவையகத்தில். பெயர் மூரா.
அவனுடைய நாயின் பெயர்.

மூரா எங்கே என்று நான் யாரைக் கேட்பது?
இரண்டு வருடம் முன்பு நிலவறையில் வெள்ளம் புகுந்தது,
நானே தூக்கிக்கொண்டு போய் எடைக்குப் போட்டேன்.
பதினெட்டுக் கிலோ. ரசீதுகூட இருக்கிறது.

ஆக, ஒவ்வொரு காலையும் நாற்பத்தொரு இயந்திரங்கள்
கடை வாசலில் நின்று கூப்பிடுவதுபோல்
மூரா என்று கூப்பிட்டு,
காதைக் கொடுத்துக் காத்திருந்து,
பதில் இல்லாமல், மறுபடி மூரா என்று கூப்பிட்டிருக்கின்றன,
பதின்மூன்று முறை.
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

வரிகளை அழித்தேன். பதின்மூன்று தட்டு.
வேறு எதற்கும் கை வைக்கவில்லை.

வெள்ளி காலை முப்பத்தெட்டு விநாடி.
யாரும் கைதட்டவில்லை.
நதேலாவின் தண்ணீர் இன்னும் சுடவே இல்லை,
திரை தயாராக அவளைப் பார்க்கிறது.
"என்ன அவசரமாம் இதற்கு?" என்று
என்னைப் பார்த்துக் கேட்டாள்.
எதிர்வீட்டு வழக்கு பாதியில் நின்றுபோனது.
பத்தரைக்கு வந்த எல்குஜா
"முப்பது ஆக்க முடியாதா?" என்றார்.

மதியம் ஜும்பெருக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் மூராவை இன்று விடுதலை செய்தேன்.
பதில் வர வெகுநேரம் ஆனது.
பொஸ்னானுக்கு வெளியே எங்கோ, ஒரு படம்:
லாரியின் முன்னிருக்கையில் நரைத்த மூக்கோடு ஒரு கறுப்பு நாய்,
வாயில் பாதி சாசேஜ்.
"எதை?" என்று கேட்டிருந்தான்.

கீழே முதல் மாடியில் ஒரு கணினி மட்டும்
இன்னும் நான்கு நிமிடம் எடுக்கிறது.
திங்கள் பார்க்கலாம்.