புழு மாத்திரை

ரோஸ்கோஃப் துறைமுகத்தில் காற்று.
இன்றும் கப்பல் இல்லை என்கிறது பலகை.

பூத்தோன் மூன்றரைக் கிலோ.
அதற்கு ஒரு நீலக் கடவுச்சீட்டு,
பிடரித் தோலுக்கடியில் அரிசியளவு சில்லு,
வெறிநோய் ஊசி,
ஊசிக்குப் பின் இருபத்தொரு நாள்.
எல்லாம் ஆயிற்று.
புழு மாத்திரைக்குத்தான் கெடு.
அது கார்க்கில் கால் வைக்கும்போது
மாத்திரை விழுங்கி ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும்,
ஐந்து நாள் தாண்டியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை, பத்து நாற்பது
என்று எழுதி முத்திரை குத்தினார் மருத்துவர்.
நாளைய கப்பல்
வியாழன் பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேருமாம்.

'அயர்லாந்துக் கடிகாரத்தில் அது பத்தரைதானே,
இன்னும் பத்து நிமிஷம் மிச்சமிருக்கிறதே' என்றேன்
கண்ணாடிக்கு அப்பால் இருந்த இஃபிக்கிடம்.
சிரிக்காமல் சொன்னான்:
'மதாம், நாயின் வயிற்றில் ஓடுவது பிரெஞ்சு நேரம்.'

ஆகவே காலை ஒன்பதுக்கு இன்னொரு மாத்திரை,
இன்னொரு முத்திரை, நாற்பது யூரோ.
போன தடவை பாலாடைக்கட்டியை மட்டும் தின்றுவிட்டு
மாத்திரையை மருத்துவரின் செருப்பில் துப்பியது,
இரண்டு முறை.

இரவு காரில்தான். என் கோட்டுக்குள் அது.
செல்போன் வெளிச்சத்தில் புரட்டுகிறேன்.
உரிமையாளர் பக்கத்தில் முதல் வரி
கூல்வென், சாய்ந்த கையெழுத்து.
இரண்டாவது நான்,
அவன் கார்க்குக்குக் குடிபெயர்ந்த மாதம்.
மூன்றாவது காலி.
அதில் மறுபடி அவன் பெயர் வரும்.
அப்படித்தான் பேச்சு.

பேனா பையில் இருக்கிறது.
பலகையை அணைத்துவிட்டார்கள்.
காற்று இறங்கவில்லை.
இறங்கச் சொல்லி
நான் யாரையும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.