எழுநூறு கிராம்

ஒத்தக்கடை காய்கறிக் கமிஷன் கடையில்
வெங்காய மூட்டை இறங்கியதும் நான் ஏறுவேன்.
ஓடப் போகும்முன் ஐம்பத்திரண்டு நானூறு.
ஓடி வந்து ஏறினால் ஐம்பத்தொன்று எழுநூறு.
கடைக்காரர் தராசை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறார்.
தராசில் தப்பில்லை.
எழுநூறு கிராம் நான்
யானைமலை அடிவாரத்தில் எங்கோ சிந்திக் கிடக்கிறேன்.

கறுப்புப் பனியனில் அதற்குச் சாட்சி இருக்கிறது.
அக்குளிலிருந்து இடுப்பு வரை
வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள்,
வற்றுகிற கண்மாய் தன் பழைய மட்டங்களைக்
கரையில் விட்டுப் போவதுபோல.
யாரும் பார்க்காதபோது நக்கிப் பார்த்தேன்.
ஊறுகாய் போடலாம்.

காவலர் தேர்வுக்கு நாற்பத்தொரு நாள்.
நானூறு மீட்டர்.
முந்நூறு வரை நான் ஓடுகிறேன்.
பிறகு கெண்டைக்கால் மட்டும்
யாரிடமோ தனியாகச் சண்டைக்குப் போய்விடுகிறது.

"தண்ணி குடிச்சியா?"
கேட்டவள் பர்வீன். குண்டு எறிகிறவள்.
இல்லை என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
அவளும் குடித்திருக்கவில்லை.

மைதானத்தில் கழிப்பறை ஒன்று உண்டு.
அதற்குப் பூட்டும் உண்டு.
சாவி யாரிடம் என்று கேட்டால்
ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொல்வார்கள்.
பையன்களுக்குச் சுவர் இருக்கிறது,
சுவருக்கு அப்பால் சீமைக்கருவேலம் இருக்கிறது.
எங்களுக்கு
முந்தின ராத்திரி எட்டு மணியோடு
வாயைக் கட்டுவது இருக்கிறது.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில்
மூன்று வருஷம் நின்றவள் நான்.
பத்து மணி நேரத்துக்கு இரண்டே தடவை,
அதற்கும் ஒரு நோட்டில் கையெழுத்து.
தாகத்தை ஓரம் பிசகாமல் மடித்து
அட்டைப்பெட்டிக்குள் வைக்கத் தெரியும் எனக்கு.
எந்தச் சேலையையும் அவ்வளவு நேர்த்தியாய் மடித்ததில்லை.

தண்ணீருக்கு முன்னால்
ஒரு சாவியைத் தேட வேண்டியிருந்தது.

மேலூர் ரோட்டுப் பெட்ரோல் பங்க்.
காலை ஐந்தேகால்.
ராத்திரி ஷிப்ட் முடியாத பையன்,
சட்டையில் அழகுராஜா என்று தைத்திருந்தது,
கொட்டாவியோடு எதுக்கு என்றான்.
"ஓடுறதுக்கு" என்றாள் பர்வீன்.
அவனுக்குப் புரிந்ததோ என்னவோ,
துருப்பிடித்த ஸ்பேனரில் கட்டிய சாவியை
எடுத்து நீட்டினான்.

அதற்குப் பிறகுதான் குடித்தோம்.
எழுந்ததும் இரண்டு டம்ளர், நிதானமாய்.
பையில் பழைய சோற்றுத் தண்ணீர், கல்லுப்பு ஒரு சிட்டிகை.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாய், அவ்வளவுதான்.
ஒருநாள் ஆசையில் அரைப் பாட்டிலை மடமடவென்று கவிழ்த்து
வயிற்றுக்குள் குடம் தளும்பத் தளும்ப
எருமை மாதிரி ஓடினேன்.
முடிந்ததும் மோர், வீடு சேரும்வரை
இறங்கிப்போன எடைக்கு மேலேயே கொஞ்சம்.
நல்லெண்ணெய் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது
எலுமிச்சைச் சாறுக்கு வெளுத்த அன்று
பர்வீனிடம் போய்ச் சொன்னேன்.
"எனக்கு முந்தாநேத்தே" என்றாள்.

இன்று கடைசி நூறில்
கெண்டைக்கால் என்னோடே வந்தது.
நேரம் சொல்ல மாட்டேன், கண் பட்டுவிடும்.

கமிஷன் கடைக்கு வந்து ஏறினேன்.
ஒரு கிராம்கூடக் குறையவில்லை.
கடைக்காரர் மறுபடி தராசைத் தட்டினார்.
நானும் குழம்பி நின்றேன்,
இடது கையில் எதுவோ கனக்கும்வரை.

ஸ்பேனர்.
திருப்பிக் கொடுக்க மறந்து
நானூறு மீட்டரும் அதோடுதான் ஓடியிருக்கிறேன்.