இருபத்தொரு மில்லிகிராம்

"காயமில்லாத, மயிரில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டவும்."
அக்காவின் கனடாப் பார்சலில்
சொக்லேற்றுக்கும் ஷாம்பூவுக்கும் நடுவில் வந்த
நிக்கொட்டின் பிளாஸ்ரர்.
சுகந்தினி வாசித்துவிட்டு என் முதுகைப் பார்த்துச் சிரித்தாள்.
"எங்கயப்பா ஒட்டுறது?"

இடது தோளில் தையல்.
வலதில் எடுக்காமல் விட்ட செல் துண்டு,
மாரிக்கு மட்டும் கதைக்கும்.
நெஞ்செல்லாம் மயிர்.
கடைசியில் இடுப்புக்கு மேலே
தீப்பெட்டியளவு இடம் கிடைத்தது.
நாளைக்கு வேறு இடத்தில் ஒட்ட வேணுமாம்.
"நாளைக்குப் பாப்பம்" என்றாள்.

முறிகண்டியில் பஸ்ஸை நிற்பாட்டினேன்.
பிள்ளையாருக்குத் தேங்காய், சனத்துக்குக் கச்சான்,
பின் சில்லுக்குப் பக்கத்தில் எனக்கொரு கோல்ட் லீஃப்.
பதினொரு வருச ஒழுங்கு.
கை தானாகப் பொக்கற்றுக்குப் போய்
வெறுமையாய்த் திரும்பியது.
கொண்டக்டர் கீர்த்தனன் ஒன்றை நீட்டினான்,
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு
தன் காதில் செருகினான்.

கச்சான் உடைத்தேன்.
ஒரு சரை முடிந்தது.
இன்னொரு சரை.
கிளிநொச்சியில் இறங்கின ரீச்சர்
"என்ன றைவர், காலடியெல்லாம் கோது" என்றா.

இரவு கழற்ற மறந்து படுத்துவிட்டேன்.
கனவில் இரணைமடுக் கட்டில் குந்தியிருந்து
ஒரு பெட்டியையே ஊதித் தள்ளினேன்.
திடுக்கிட்டெழும்பி, களவெடுத்தவன் போல
விரல்களை மணந்து பார்த்தேன்.
கச்சான்.

விடிய, சுகந்தினியின் விரல்
முதுகில் இடம் எண்ணிக்கொண்டு போனது.
ஆறு இருக்காம்.
கிழமைக்கு ஏழு நாளடி என்றேன்.

"ஞாயிறு கச்சான் தின்னுங்கோ."