வெங்காயம், 4.021 கிலோ

ஹாகனிலும் சரி, டோர்ட்மண்டிலும் சரி,
ஒலிபெருக்கி முதலில் அப்பாவின் பெயரைத்தான் உடைக்கும்.
குலவீரசிங்கம்.
பாதி வழியில் மூச்சு வாங்கி,
சிங்கத்தை எப்படியோ படுக்கப்போட்டுவிட்டு,
ஒட்டுத்துண்டு மாதிரிக் கடைசியில்
யதுஷா.
வீடியோவில் கேட்டுவிட்டு
"என்ர பேரைக் கொல்லுறான்" என்றார்.
எறிந்ததைப் பற்றி ஒன்றும் இல்லை.

பதினொன்று எறிந்தபோது பன்னிரண்டைக் கேட்டார்.
பன்னிரண்டு எறிந்தபோது
"மற்றப் பிள்ளை எவ்வளவு?"
மற்றப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது அப்பா,
லெயோனி. அவளுடைய தகப்பன்
அவள் வட்டத்துக்குள் கால் வைக்கவே கைதட்டுவார்,
தடுக்கி வெளியே விழுந்தாலும் கைதட்டுவார்.
இதை நான் சொல்லவில்லை.
குண்டு வைத்த இடம்
வெள்ளைத்தூளோடு கன்றிப்போயிருந்தது.
"உதென்ன, கழுத்துக் கழுவேல்லையோ?"

பயிற்சியாளர் ஹைக்கே எல்லாவற்றுக்கும் சூப்பர் சொல்லுவாள்.
ஒரு வருடத்துச் சூப்பரைச் சேர்த்துக் கொடுத்தாலும்
பாண்கடையில் அரை ரொட்டி தரமாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பையைத் தூக்கினேன்,
பை வெறுமையாய் மேலே வந்தது.
குண்டு இல்லை.
இரவு ஒன்பதரைக்குக் கடை பூட்டி வந்தார்.
ஒரு கையில் வாடின கீரை,
மறு கையில் என் குண்டு,
அழுத குழந்தையைப் போல இடுப்பில் ஏற்றியபடி.
அதன் தலையில் கடைத் தராசு துப்பிய சீட்டு:
வெங்காயம். 4.021 கிலோ.
ஏழு ஒயிரோ அறுபத்துநாலு சதம்.
இரும்புக்கு அந்தத் தராசில் பொத்தான் இல்லை.

"இருபத்தொரு கிராம் கூட" என்றார்.
சப்பாத்தும் கழற்றவில்லை.
"ரெண்டு வருசமா உன்னை ஏமாத்திப் போட்டாங்கள்."

குறையத்தான் கூடாது, கூடலாம், அதுதான் விதி.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் அவர்
மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில்
கணக்குத் தொடங்கிவிட்டார்:
நாளுக்கு நாற்பது எறி,
கிழமைக்கு ஐந்து நாள்,
லீவு கழித்து நூறு கிழமை.
இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.
"நானூற்றி இருபது கிலோ
சம்பளமில்லாமல் தூக்கியிருக்கிறாய்."

நாளுக்கு நாற்பது என்று
நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தார்.
சனிக்கிழமை, கடையில் மீன் நாள்.
என் குண்டை நடுவரின் மேசையில் வைத்து,
சீட்டைச் சுட்டிக்காட்டி,
பெட்டி இறக்கப் பழகின ஜெர்மனில் சண்டை பிடித்தார்.
நடுவர் ஒரு கிழவர், பொறுமைசாலி.
வெங்காயம் என்று வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.
பிறகு சீட்டை உரித்துத் தன் தராசில் வைத்துத்
தலையை ஆட்டினார், சரி.
"அவன்ர தராசு பிழை" என்று
முழு மைதானத்துக்கும் தமிழில் அறிவித்தார் அப்பா.
லெயோனி என்னைப் பார்த்தாள்.
நான் சப்பாத்து நாடாவைக் கட்டினேன்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை.

பதின்மூன்று நாற்பத்திரண்டு.
என் வாழ்க்கையிலேயே ஆகத் தூரம்.
இரண்டாமிடம்.

திரும்பும்போது வானுக்குள் மீன் வாசம்.
ரூர் ஆற்றுப் பாலம் வரை பேச்சில்லை.
"உந்த இருபத்தொரு கிராம் இல்லாட்டி
எவ்வளவு போயிருக்கும்?"
இரண்டு விரல் தூரம். அதுவும் காற்று நினைத்தால்.
"பதினாலு" என்றேன்.
சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பதினாலரை."

பச்சை விழுந்தது.
பின்னால் வெண்டிக்காய்ப் பெட்டிகளுக்கிடையில்
குண்டு ஒவ்வொரு வளைவுக்கும் உருண்டு
தகரத்தில் இடித்தது.
"அதைக்கூட ஒழுங்காய் வைக்கத் தெரியாதே உனக்கு."