எடுத்தேன்

பாகாவ் நீதிமன்றத்தில் இருபத்திமூன்று வருடமாக
பிறர் சொன்னதைத்தான் சொல்லி வருகிறேன்.
என் பெயர் நீலவேணி. குறிப்பேட்டில் அது கிடையாது.
'மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார்' என்று இருக்கும்.

செவ்வாய்க்கிழமை, ஏழாவது வழக்கு.
ஊதாச் சட்டை, வெறுங்கால்,
விலங்கின் மறுபாதியில் முன்பின் தெரியாத சீனப் பையன்.
தவசீலன் த/பெ அங்கமுத்து, வயது நாற்பத்தொன்று.
செம்பனை உதிரிப்பழம் இரண்டு சாக்கு,
எடை அறுபத்தொரு கிலோ,
மதிப்பு நாற்பத்தெட்டு வெள்ளி எழுபது காசு.
காசு உட்பட வாசித்தார் இன்ஸ்பெக்டர்.

தமிழில் சொன்னேன்.
என் செருப்பைப் பார்த்துக்கொண்டே
"எடுத்தேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வது:
"மெங்காக்கு சாலா, புவான்."
குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.
இரண்டு நொடி. அடுத்த கோப்பு.
எத்தனை 'எடுத்தேன்', எத்தனை 'அங்கதான் இருந்தேன்',
எத்தனை 'ஆமாங்க, அவங்க அப்படிச் சொல்லச் சொன்னாங்க'
இந்த வாய் வழியாக இரண்டே சொல்லாகிச்
சிறைக்குப் போயின என்று எண்ணியதில்லை.
எண்ணினால் சம்பளம் வாங்க முடியாது.

அன்று ஏனோ நாக்கு திரும்பவில்லை.
திருடினவன் 'திருடினேன்' என்பான், இல்லை
'நான் இல்லை' என்பான்.
கீழே கிடந்ததைப் பொறுக்கினவன்தானே
'எடுத்தேன்' என்பான்?

"அம்பில் என்கிறார், புவான்.
சூரி என்று அவர் சொல்லவில்லை."

புவானுக்கு முப்பது வயதுகூட இருக்காது.
பேனாவை மூடினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு
என்னை ஓர் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
ஒப்புதல் ஏற்கப்படவில்லை. விசாரணை நடக்கும்.
வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, சொல்லுங்கள் என்றார்.
சொன்னேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

பிணை ஆயிரத்து ஐந்நூறு.
உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவர்.
தேதி, ஒன்பது வாரம் கழித்து.

ஒத்துக்கொண்டிருந்தால் முந்நூறு வெள்ளி அபராதம்.
அவர் தங்கை மளிகைக்கடைப் பையில்
சரியாக முந்நூறு வைத்திருந்தாள்.
லாக்கப்பிலிருந்தே யாரோ விலை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
ஐந்து மணி பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.
கத்தவில்லை. கணக்குக் கேட்டாள்.
"அக்கா, நீங்க ஒரு வார்த்த பேசினதுக்கு
ஒம்பது வாரமா?"

மதியம் மாமாக் கடை.
டிவியில் ஓர் அமெரிக்கப் போலீஸ்காரன்
ஒருவனைக் காரின்மேல் சாய்த்து
வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறான். கீழே மலாயில் ஓடுகிறது:
மௌனமாக இருக்க உனக்கு உரிமை உண்டு.
வசதி இல்லையென்றால் வக்கீல் தரப்படுவார்.

எதிர் மேசை அலோய்சியஸ் வக்கீல்
ரொட்டியைப் பிய்த்தபடி சிரித்தார்.
"அங்கயும் முக்கால்வாசிப் பேர் பேரம் பேசி
ஒத்துக்கிட்டுத்தான் போறான், நீலா.
பிணை கட்ட முடியாதவன் முதல்ல ஒத்துக்குவான்.
அதப் படத்துல காட்டினா பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்."

மௌனமாக இருக்க உரிமை.
அது அவருக்கா, எனக்கா?
தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

இரண்டு மணிக்கு எட்டாவது வழக்கு.
சாலையைக் கடக்கும்போது பழ லாரி ஒன்று
வளைவில் குலுங்கிப் போனது.
தார் மேல் சிவப்பாய் ஏழெட்டு உருண்டன.
யாரும் குனியவில்லை. போலீஸ் நிலையம் எதிரில் இருக்கிறது.

என் செருப்பில் முட்டி நின்ற ஒன்றை
எடுத்தேன்.
எங்கே போடுவதென்று தெரியாமல்
கைப்பையில் வைத்தேன். இன்னும் கிடக்கிறது,
எண்ணெய் கசிந்து
அடையாள அட்டையில் என் பெயர் மேல்.