ஐந்தரை மணிப் பனி

இந்த நாற்காலி சுற்றும்.
முதல் நாளே சுற்றிப் பார்த்தேன்,
கதவைச் சாத்திவிட்டு.
மூன்றே சுற்று, தலை கிறுகிறுத்தது.
ஒரு காலத்தில் இருபது சுற்றி, சட்டென நின்று
நடுவர்களைப் பார்த்துச் சிரித்தவள்.

புக்கிட் ஜாலில், நான்காம் மாடி.
பலகையில் யோகமலர் என்ற பெயர்,
அதன்கீழ் அம்மாவுக்கு இன்னும் வாயில் நுழையாத பதவி.
"ஆபீஸ் வேலை" என்கிறாள் அக்கம்பக்கத்தில்,
நிம்மதியாக.
பதினாறு வருடம் அவள் தடுமாறியது வேறொன்றைச் சொல்ல:
"ஐஸ்ல... டான்ஸ் மாதிரி..."

விழுந்த நாளெல்லாம் சித்தப்பா சொல்வார்,
ஆனைக்கும் அடி சறுக்கும் என்று.
ஆனைக்குத்தான் சித்தப்பா அது விபத்து.
எனக்கு அடி சறுக்குவதே தொழில்.
சறுக்க மறுத்த ஒரு நொடியில்தான் போனது
வலது இடுப்பு.
அதைப் பற்றி வேறொரு நாள்.

இன்றைய கூட்டம் இரண்டு டிகிரி பற்றி.
ஹாக்கிக்காரர்களுக்குப் பனி இறுக வேண்டும், மைனஸ் ஆறு.
எங்கள் பிள்ளைகளுக்கு மைனஸ் நான்கு,
கத்தி கொஞ்சம் கடிக்க வேண்டும்.
"எங்கள்" என்று இனி நான் சொல்லக் கூடாது.
திரு. லியோங் அதைக் குறித்துக்கொண்டார்.
வெளியே முப்பத்து நான்கு.
பேரங்காடி நிர்வாகத்திலிருந்து வந்த பையன்
மின்கட்டண ரசீதை இரு கையாலும் நீட்டினான்
கல்யாணப் பத்திரிகை போல.

மதியம் புவான் நோர்ஹயாத்தி
பழைய கோப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்.
எதைக் கிழிக்கலாம், எதை வைக்கலாம்,
கையெழுத்துப் போடுங்கள்.
நாசி லெமாக்கை ஓரம் தள்ளிவிட்டுப் புரட்டினேன்.
இரண்டாயிரத்து ஏழு.
நீல மையில், பள்ளிக்கூட மலாயில்
ஒரு பதினான்கு வயதுக்காரி கேட்டிருக்கிறாள்,
அங்காடி திறக்குமுன், காலை ஐந்தரைக்கு,
அரை மணி நேரம் கூடுதலாகப் பனி.
எழுத்துப்பிழை இரண்டு.
பணிவு, தேவைக்கு மேல்.
கையெழுத்தின் வால்
பனியில் போட்ட எட்டுப் போல் வளைந்து
என்னிடமே வந்து நின்றது.

ஓரத்தில் ஊதா முத்திரை: பெறப்பட்டது.
தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடிய மாதங்கள்
எந்தக் கோப்பிலும் இல்லை.

இந்த அறையில் ஒரு கல்நெஞ்சன் இருப்பதாக
அப்போது நினைத்திருந்தேன்.
ஒருவேளை அவருக்கும் சோறு ஆறிப்போயிருக்கும்,
அன்றும் யாராவது ரசீது நீட்டியிருப்பார்கள்.
புரிகிறது.
மன்னிக்க வரவில்லை இன்னும்.

கணினியில் பத்து நாளாய் ஒரு கடிதம் கிடக்கிறது.
தியாசினி, பன்னிரண்டு வயது, பூச்சோங்.
அவளும் கேட்பது ஐந்தரை மணிதான்.
அம்மாவின் இரவு ஷிஃப்ட் முடிந்து
கார் வீடு வரும் நேரம் அதுவாம்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
"தங்கள் கடிதம் பெறப்பட்டது."
விரல் தானாகவே தட்டிவிட்டது.
அழித்தேன்.

பிறகு நாலு மணிவரை போனில்.
காவலாளி சீக்கிரம் கதவு திறப்பாரா,
பனியைச் சீராக்கும் வண்டி ஓட்டுகிற நேப்பாளித் தம்பிக்கு
ஓவர்டைம் யார் தருவது.
லியோங் மைனஸ் ஐந்துக்கு இறங்கினார்,
ஞாயிறு மாலையைப் பதிலுக்குக் கேட்டார்.
கொடுத்தேன்.
அந்த ஞாயிறு மாலைக்காக நாளை வேறொரு குழந்தை
எனக்குக் கடிதம் எழுதும்.

கிடைத்தது செவ்வாயும் வெள்ளியும், இருபது நிமிடம்.
அப்படியே எழுதினேன்,
இருபதுதான், அரை மணி முடியவில்லை,
கையுறை கொண்டு வா,
யாரும் மிதிக்காத பனியின் குளிர் வேறு.

நீல மைக் கடிதத்தை எந்த அடுக்கிலும் வைக்கவில்லை.
கைப்பைக்குள் போட்டால் விதிமீறல்.
போட்டுக்கொண்டேன்.

எல்.ஆர்.டி. நிலையத்தில் மழை ஈரம்,
மஞ்சள் பலகை: கவனம், தரை வழுக்கும்.
எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.
நான் கொஞ்சம் நின்று
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.