மூச்சை வெட்டுகிறவன்

துல்மாவின் மூச்சுகள் என்னிடம் இருக்கின்றன.
பதினெட்டு வருடம், ஏழு ஆல்பம்.
ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் உள்ளே இழுக்கும் காற்றை
வெட்டியெடுப்பது என் வேலை.
உலகத்துக்கு அவள் ஒரே மூச்சில் பாடுகிறவள்.

வெட்டியதை ஏனோ எறியவில்லை.
பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில்
தேதி போட்டு வைத்திருக்கிறேன்.
முதல் கோப்பில் அவளுக்கு இருபத்திரண்டு வயது.
உலான்பாதரில், செருப்புக் கடைக்குக் கீழே ஸ்டூடியோ,
கதவிடுக்கில் பனி.
புது பிளேடு மாதிரி இருக்கிறது அந்த மூச்சு.

மோட்டார் சைக்கிளில் வராமல் போன ஒருவனைப் பற்றிய பாட்டு.
லாரிக்காரர்கள் அதை எல்லைவரை கொண்டுபோனார்கள்.
அப்புறம் மைதானம், தயிர் டப்பாவில் முகம்,
ஒரு நிலக்கரிச் சுரங்க முதலாளி வீட்டுக் கல்யாணம்:
நான்கு பாட்டு, ஒரு வெள்ளைக் கார்.
(இதை விட்டுவிடாதே என்று அவளே சொன்னாள்.)

ஒரு ஜனவரியில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்,
பொம்மை கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ள.
கட்டிலுக்கு இரண்டு பேர்.
"அக்கா போகிறவரை இருமக் கூடாது" என்றாள் நர்ஸ்.
ஒரு பையன் கேட்டான்.
கேட்டு, அடக்கி,
காது நுனிவரை சிவந்து, பின் நீலமாகி.

மேக்கப் கலைக்காமல் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.
"இனி என் மூச்சில் கை வைக்காதே."

அந்தப் பாட்டில் மூச்சு அப்படியே இருந்தது,
இருமலும்.
வானொலி அதைப் பற்றி மூச்சு விடவில்லை.
தயிர் டப்பாவில் வேறொரு பெண் சிரித்தாள்.
பாடகி பாடட்டும், புகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்
என்றார் ஒரு துணை அமைச்சர்.
உண்மைதான், அவர் ஜன்னலிலிருந்து
அது நன்றாகத் தெரியும்.

சதுக்கத்தில் மைனஸ் இருபத்தெட்டு.
பத்து நிமிடத்தில் மைக் செத்துவிடும்.
பாட்டரிகளை அக்குளில் வைத்துச் சூடாக்கி
ஒவ்வொன்றாக நீட்டினேன்.
போராட்டத்தில் என் பங்கு அவ்வளவுதான்.
முகமூடி போட்டுக்கொண்டு பாடினாள்,
கண் இமையில் உறைபனி.
நான்கு குளிர்காலம் இப்படி.

சட்டம் வந்தது. கரி எரிக்கத் தடை.
ஓட்காவோடு கொண்டாடினோம்.

வடக்குச் சரிவில், கம்பளிக் கூடாரங்களுக்கு நடுவே,
பியம்பா என்றொரு பெண் கதவைப் பாதி திறந்து சொன்னாள்:
"நீ நிறுத்தியது புகையை இல்லை, தாயே.
என் அடுப்பை."
அரசாங்கம் தரும் கட்டி பாதி ராத்திரிவரைதான் தாங்குமாம்.
மீதி ராத்திரிக்குப் பிள்ளைகளின் மேல்
தன் கோட்டையும் போடுகிறாளாம்.
துல்மாவிடம் பேச்சு மூச்சில்லை.
உள்ளே போனாள், உட்கார்ந்தாள்,
நான் வெளியே காரில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன்.

அடுத்த வாரம் அந்தக் காரை விற்றாள்.
அறுபது கூடாரங்களுக்கு இரட்டைக் கம்பளி போட முடிந்தது.
அறுபத்தொன்றாவது பக்கத்திலேயே இருந்தது.
அதற்கு மேல் மலை முழுக்க இருந்தது.

தேர்தலில் நில் என்றார்கள், நிற்கவில்லை.
நின்றிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.
நாற்பத்தைந்து வயது. மேல் ஸ்தாயி போய்விட்டது.
சின்ன ஹால், முந்நூறு பேர்,
அதில் பாதிப்பேர் பியம்பாவின் தெருக்காரர்கள்.

போன மாதம் அந்த மோட்டார் சைக்கிள் பாட்டைக் கேட்டார்கள்.
உச்ச வரிக்கு முன்னால் நிறுத்தினாள்.
தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும்,
எங்களுக்கும் தெரியும்.
அப்போது ஹால் முழுக்க
முந்நூறு பேரும் மூச்சிழுத்தார்கள்,
சிலருக்கு விசில் மாதிரி, ஒருவருக்கு இருமலோடு.

பாடியது சுமார்தான். சுருதி நான்கு பக்கம் போனது.

கம்பெனிக்காரன் கேட்கிறான்,
நேரடி ஒலிப்பதிவைச் சுத்தம் செய்து அனுப்பு என்று.
வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.
சுவரோடு போகும் குழாய் கதகதப்பாக இருக்கிறது.
அது எங்கிருந்து வருகிறதோ
அந்தப் புகைபோக்கி எதிரே தெரிகிறது.

திரையில் அந்த இரண்டு விநாடி,
ஒரு மலைச் சரிவு மாதிரி.
கர்சர் அதன் மேல்.